வீட்டுச் சர்வரில் கோப்புகள் சத்தமின்றிச் சிதையாமல் காப்பது எப்படி?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடுகற்களையும் பாறை ஓவியங்களையும் தேடிச் சென்று படமெடுத்து, அவற்றை வீட்டுச் சர்வரில் சேர்த்து வைக்கும் ஆர்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். வயல்வரப்பில் நிற்கும் நடுகல் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதன் வட்டெழுத்து தெளிவாகத் தெரியும் படம் உங்களிடம் மட்டுமே இருக்கலாம்.

ஹார்டு டிஸ்க் முழுதாகப் பழுதானால் உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச்சிறு தரவு அலகு) மாறினால் தெரியாது. கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் அப்படியே இருக்கும். ஜேபெக் படமானால், கல்லின் மேற்பகுதி சரியாகத் தெரியும். பிட் மாறிய இடத்துக்குக் கீழே நிறம் பிறழ்ந்தோ சாம்பல் பட்டையாகவோ போய்விடும்.

லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறை (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு), கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்துக்கொள்வதில்லை. இரண்டு டிஸ்க்குகளை, ஒரே தரவை இரண்டிலும் எழுதும் சாதாரண ரெய்டு 1 முறையில் இணைத்தாலும், இரு பிரதிகளும் முரண்படும்போது எது சரி என்று அதற்குத் தெரியாது. ஆகவே இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் இரண்டு டிஸ்க்குகளை மிரராக அமைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அது ஒவ்வொரு பிளாக்கின் (கோப்பைப் பிரித்து வைக்கும் துண்டு) செக்சத்தையும் அந்தப் பிளாக்குடன் வைக்காமல், அதைச் சுட்டும் மேல்நிலைப் பிளாக்கில் வைக்கிறது. படிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால், மற்ற டிஸ்க்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடுகிறது. ஒரே டிஸ்க் என்றால் பிழையைக் கண்டுபிடிக்குமே தவிர, பொதுவாகக் கோப்பின் உள்ளடக்கத்தைத் திருத்த இயலாது.

ஆனால் யாரும் திறக்காத கோப்பு சோதிக்கப்படுவதும் இல்லை. அதற்காகத்தான் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பார்க்கும் ஸ்கிரப் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை ஓட்டுங்கள். டெபியன், உபுண்டு தொகுப்புகள் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நள்ளிரவு கடந்ததும் இதைத் தாமாகவே தொடங்கும்படி அமைத்திருக்கின்றன. இரவில் சர்வரை அணைத்துவிடும் வீடுகளில் அது ஓடவே ஓடாது, ஆதலால் நேரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடையில் மின்சாரம் போனாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முடிந்தபின் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ ஆணையைக் கொடுத்து, செக்சம் பிழைகளைக் காட்டும் நெடுவரிசையைப் பாருங்கள். ஒரு டிஸ்க்கில் மட்டும் எண் ஏறினால் அந்த டிஸ்க்கையோ அதன் சாட்டா கேபிளையோ ஐயுறலாம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண்ணுள்ள சிஆர்சி பிழையும் (கேபிள் வழியே தரவு போகும்போது நேரும் பிழை) ஏறியிருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே சமயத்தில் ஏறினால் மெமரி, பவர் சப்ளை, கன்ட்ரோலர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இதை அறியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.

செக்சம் கணக்கிடப்படும் முன்பே மெமரியில் பிட் மாறிவிட்டால், தவறான தரவே சரியானதாகப் பதிவாகும். பிட் பிழையைத் தானே திருத்தும் இசிசி மெமரி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கேமரா அட்டை மடிக்கணினியில் இருக்கும்போதே ஷா256 பட்டியல் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு செக்சம்) ஒன்றை எடுத்து, சர்வருக்கு நகலெடுத்தபின் அதனுடன் ஒப்பிட்டு, அதற்குப் பிறகே அட்டையை அழியுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இந்தப் பழக்கத்தைத்தான், ஏனெனில் எந்தக் கோப்பு முறையாக இருந்தாலும் இது செல்லும்.

ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் ஒரு நேரத்து நிலையை அதே டிஸ்க்கில் பதிந்துவைப்பது) என்பது பேக்கப் ஆகாது. அது அதே பிளாக்குகளையே சுட்டுகிறது. கிருஷ்ணகிரியில் சர்வர் இருந்தால், தருமபுரியில் உள்ள உறவினர் வீட்டில் இன்னொரு டிஸ்க் இருக்கட்டும். நகலெடுக்க ஆர்சிங்க் என்ற நிரலைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இயல்பாக அது அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடுவதால், சத்தமின்றிக் கெட்ட கோப்பை ‘மாறவில்லை’ என்று விட்டுவிடும், பழைய நல்ல நகலும் தப்பிக்கும். செக்சம் விருப்பத்தைச் (--checksum) சேர்த்து ஓட்டினாலோ, வேறுபாட்டைக் கண்டு, மூலத்தில் உள்ள கெட்ட கோப்பையே நல்ல நகலின் மேல் எழுதிவிடும். எனவே அந்த விருப்பத்தைச் சேர்க்கும் முன், மூலக் கோப்புகளை ஷா256 பட்டியலுடன் ஒப்பிட்டுவிடுங்கள். பட்டியலுடன் பொருந்தாத கோப்பை மட்டும் தருமபுரி நகலிலிருந்து திரும்ப எடுத்து, அதையும் அதே பட்டியலில் சரிபார்த்துவிட்டு இடத்தில் வையுங்கள்.