கொள்ளிவாய்ப் பேய்க்கு ஸ்டாட் பிளாக் எழுதுவது எப்படி?

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) ஆடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லாருக்கும் வரும் ஆசை இது: காப்ளினும் டிராகனும் போதும், நம்ம ஊர்ப் பேய் ஒன்றை இறக்கலாமே! தாராளமாக இறக்கலாம். ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. ஜாம்பியின் ஸ்டாட் பிளாக்கை (அதன் பலம், வேகம், தாக்குதலைச் சொல்லும் எண் பட்டியல்) எடுத்து, தலைமுடியை விரித்துவிட்டு, பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். மூன்றாவது சுற்றில் பார்பேரியன் (முரட்டு வீரர்) கோடரியால் ரெண்டு போடு போடுவார், பேய் காலி. ஆயா சொல்லும்போது வந்த பயத்தில் கால்வாசிகூட மேசைக்கு வந்திருக்காது.

வேலூர்ப் பக்கத்துக் கொள்ளிவாய்ப் பேயை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்த வழியைச் சொல்கிறேன். விதிகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014-இல் வந்தது. டி20 (இருபது முகப் பகடை) உருட்டவும் சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பப் போடும் உருட்டல்) போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கதையைக் கேட்டு எழுதுங்கள்

"பேய்க் கதை சொல்லுங்க" என்று கேட்டால் டிவியில் பார்த்ததுதான் வரும். "சின்ன வயசுல ராத்திரி எந்த வழியா போகக் கூடாதுன்னு சொன்னாங்க ஆயா?" என்று கேளுங்கள். இடம் வரும், காரணம் வரும், யார் மாட்டிக்கொண்டார்கள் என்பதும் கூடவே வரும்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எங்கே இருக்கும், என்ன செய்யும், எதற்கு ஒதுங்கும். (மொபைல் ஆப் எதுவும் வேண்டாம். போனை நீட்டினால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாற்பது பக்க நோட்டு போதும்.) கொள்ளிவாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இடம்: ஏரி உள்வாய், கோரை மண்டிய சேறு, சுடுகாட்டோரம். செயல்: வாயைத் திறந்தால் நெருப்பு தெரியும், மூடினால் அணையும், கொஞ்ச நேரத்தில் வேறு இடத்தில் எரியும், அதை ஊர் வெளிச்சம் என்று நம்பிப் போகிறவன் விடிய விடியச் சேற்றில் சுற்றுவான். ஒதுங்குவது: இரும்புக்கு.

சேற்றுக்கடியில் காற்றுப் படாமல் செடிகொடிகள் அழுகினால் மீத்தேன் வரும், கூடவே வரும் பாஸ்பீன் வகை வாயு அதைப் பற்றவைக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லும் விளக்கம். இதைச் சொல்லிப் பேயை ஒழித்துவிட வேண்டாம், நமக்கு அதுவும் பயன்படும். சேற்றில் குமிழி வரும் இடத்தில்தான் நெருப்பு வரும் என்று ஒரு விதி போட்டுவிட்டால், கவனமாகப் பார்க்கும் ஆட்டக்காரருக்கு அது துப்பு.

தோற்றத்துக்கு நான் பத்தி ஒதுக்கவில்லை. அதற்கு வேறு இடத்தில் நல்ல சரக்கு இருக்கிறது. அரக்கோணத்தை அடுத்த திருவாலங்காட்டைப் பற்றிப் பாடிய காரைக்கால் அம்மையார் ஒரு பேயை வர்ணித்திருக்கிறார்: குழிந்த வயிறு, புடைத்த நரம்பு, நீண்ட பல், சிவந்த மயிர், நீளமான கணைக்கால். எந்த மான்ஸ்டர் புத்தகத்து ஓவியமும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. படம் வரைபவரிடம் இந்த வரிகளைக் கொடுத்துவிடுங்கள்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முனீஸ்வரனுக்கும் அங்காளம்மனுக்கும் ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) போடாதீர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்காவது அது குலதெய்வமாக இருக்கும். பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழையனூரின் நீலியையும் நான் மான்ஸ்டர் ஆக்க மாட்டேன். கணவன் கையால் செத்தவள், கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வாக்குக் கொடுத்த 70 வேளாளரையும் தீயில் இறங்க வைத்தவள். அவளுக்கு வழக்கு இருக்கிறது, சாட்சி இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. ஆறு மாத கேம்பெயினையே (தொடர் ஆட்டம்) அவளை நடுவில் வைத்து ஓட்டலாம். அவளைக் கொண்டுபோய் ஒரு ராத்திரிச் சண்டையில் முடித்தால் வீண்.

படி 2: ஒரே ஒரு விதி

எழுதிய எல்லாவற்றையும் பவர் ஆக்கினால் ஸ்டாட் பிளாக் இரண்டு பக்கம் போகும், ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். அதில் பாதியை மறந்துவிடுவார். கதையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். எது இல்லாவிட்டால் இது வேறு பேய் ஆகிவிடுமோ, அது.

கொள்ளிவாய்க்கு அந்த ஒன்று வாய்தான். வாய் மூடியிருக்கும்போது பேய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதனால் தாக்கவும் முடியாது. வாய் திறந்தால் தாக்கலாம், ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மற்ற எண்கள் எல்லாம் இந்த ஒரு விதிக்கு வேலை செய்தால் போதும்.

படி 3: எண்கள்

பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காதீர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு (எஸ்.ஆர்.டி. 5.1) 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், மாற்றி எழுதி வெளியிடவும் செய்யலாம். அதில் வில்-ஓ-விஸ்ப் என்ற ஒன்று இருக்கிறது. கொள்ளிவாயின் ஐரோப்பியச் சொந்தக்காரர். ஆர்மர் கிளாஸ் (அடி படத் தாண்ட வேண்டிய எண்) 19, ஹிட் பாயின்ட் 22, பறக்கும் வேகம் 50 அடி, தொட்டால் மின்சார அடி, சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கடினமான எதிரி என்ற எண்) 2.

ஆளைப் பார்த்தாலே தெரியும், நமக்கு அப்படியே ஒத்துவராது. நம்முடையது பறக்கும் உருண்டை இல்லை, கால் உள்ள பேய். ஆர்மர் கிளாஸ் 19 வைத்தால் ஆரம்பநிலை ஆட்டக்காரர்கள் அரை மணி நேரம் காற்றில் வாள் வீசிக்கொண்டிருப்பார்கள். நான் மாற்றியது:

கொள்ளிவாய்ப் பேய், நடுத்தர அளவு, அன்டெட். ஆர்மர் கிளாஸ் 14. ஹிட் பாயின்ட் 52 (8டி8+16, அதாவது எட்டு முகப் பகடை எட்டின் சராசரியோடு 16). வேகம் 40 அடி, சேறு இதைத் தடுக்காது. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14, மற்றவை 8-க்கும் 15-க்கும் நடுவில் உங்கள் விருப்பம். தீயால் சேதமில்லை.
நகம்: தாக்கும் உருட்டலுக்கு +6, 2டி6+4 வெட்டுச் சேதம்.
கொள்ளி ஊதல் (ரீசார்ஜ் 5-6, அதாவது ஊதிய பிறகு டி6-இல் 5 அல்லது 6 விழுந்தால்தான் மறுபடி ஊதலாம்): 15 அடிக் கூம்பு, டெக்ஸ்டெரிட்டி சேவ் டி.சி. (தப்ப எட்ட வேண்டிய எண்) 12, 3டி6 தீச் சேதம், சேவ் செய்தால் பாதி.
வாய் மூடல்: போனஸ் ஆக்‌ஷன். (தன் முறையில் கூடுதலாகச் செய்யும் சின்னச் செயல்.) ஊதிய பிறகு அதன் அடுத்த டர்ன் (முறை) முடியும்வரை மூட முடியாது.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம் அதுதான். ஊத வைத்துவிட்டால் அடிக்கலாம் என்பது அவர்களுக்கே இரண்டாவது சுற்றில் புரிந்துவிடும், புரிந்ததும் மேசையில் சத்தம் கூடும். மூடியிருக்கும்போதும் எங்கே நிற்கிறது என்பதைச் சேற்றில் பதியும் கால்தடம் காட்டிக்கொடுக்கும். அடிப்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (டி20-ஐ இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), அவ்வளவுதான்.

சாதாரணப் பகடைதான் வீட்டில் இருக்கிறது என்றால் போனில் உருட்டுங்கள். டி4 (நாலு முகப் பகடை) மட்டும் கடையில் வாங்காதீர்கள், ஒற்றைத் தாயக்கட்டைக்கும் நாலு முகம்தானே, வெற்று முகத்தை 4 என்று வைத்துக்கொண்டால் ஆயிற்று.

படி 4: வெளிச்சத்தைக் காட்டி இழுப்பது

எல்லாரும் சறுக்கும் இடம் இது. எனக்கும் இதில்தான் நாள் பிடித்தது.

கொள்ளிவாய் ஆளை மயக்கி இழுக்கிறது. இதை விதியாக எழுதச் சொன்னால் கை தானாக இப்படித்தான் போகும்: "விஸ்டம் சேவ் டி.சி. 12, தோற்றால் வெளிச்சத்தை நோக்கி நடப்பார்." பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆடிப் பார்த்தால் தெரியும் குறை. தோற்றவர் தன் டர்னில் செய்ய ஒன்றுமில்லாமல் போனை எடுத்துவிடுவார். ஜெயித்தவருக்கு அது வெறும் எண். யாருக்கும் பயமில்லை.

கதையில் போனவன் மயங்கிப் போனதாக யாரும் சொல்வதில்லை. வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துத்தான் போனான், தெரிந்தே காலை வைத்தான். ஆகவே பகடையை எடுத்துவிட்டு, அந்த முடிவை ஆட்டக்காரரிடமே கொடுங்கள். அவர்களுக்கு வெளிச்சம் தேவைப்பட வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட வெளிச்சம் தெரிய வேண்டும்.

எங்கள் காட்சியைச் சொல்கிறேன். காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி ஒரு பெரிய ஏரி, தண்ணீர் வற்றி உள்வாய் முழுக்கச் சேறும் கோரையும். கதாபாத்திரங்கள் ராத்திரியில் மதகிலிருந்து எதிர்க்கரை ஊருக்குப் போக வேண்டும். தாளில் 6 கட்டம் போட்டேன். ஒரு கட்டம் கடக்க 20 நிமிஷம். விதிப்படி ஒரு டார்ச் (பேட்டரி விளக்கு இல்லை, தீப்பந்தம்) 1 மணி நேரம் எரியும், அதாவது 3 கட்டம். கையில் நனையாத டார்ச் இரண்டே இரண்டு. கணக்கு மயிரிழையில் நிற்கிறது அல்லவா? ஒரு கட்டம் தவறினாலும் கடைசியில் இருட்டு.

இரண்டாம் கட்டத்தில் மூன்று வெளிச்சங்களைக் காட்டுங்கள். ஒன்று ஊர், ஒன்று கரையில் குளிர் காயும் ஏரிக் காவல்காரர், ஒன்று நம்மாள். எந்தத் திசை என்று மட்டும் சொல்லுங்கள், எவ்வளவு தூரம் என்று சொல்லாதீர்கள். கேட்டால், "இருட்டில் நெருப்பின் தூரம் கணிக்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். பொய் இல்லை, நிஜத்திலும் அப்படித்தான். தப்பான வெளிச்சத்தை நோக்கி நடக்கும் ஒவ்வொரு முறையும் ஊர் ஒரு கட்டம் தள்ளிப்போகிறது.

துப்பு கொடுக்காமல் ஏமாற்றக் கூடாது. நான் மூன்று வைத்தேன். நடக்க நடக்க அந்த வெளிச்சம் மட்டும் கிட்டே வராது. நாய்க் குரைப்பு ஊர்ப் பக்கத்திலிருந்துதான் கேட்கும். நெருப்பு அணைந்து வேறிடத்தில் எரிவதற்கு முன்னால் அங்கே சேற்றில் குமிழி கொப்பளிக்கும். மூன்றையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும், பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) உருட்டச் சொல்லி ஒளித்து வைக்காதீர்கள். துப்பு எல்லாம் கையில் இருந்தும், "டார்ச் அணையப் போகுது, அதுதான் கிட்ட இருக்கிற மாதிரி இருக்கு, போயிடலாம்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் பேசாமல் பின்னால் போவார்கள். நீங்கள் இவ்வளவு வேலை செய்தது அந்த நிமிஷத்துக்காகத்தான்.

படி 5: எடை போடுதல்

சேலஞ்ச் ரேட்டிங் எவ்வளவு என்று பார்ப்போம். ஜி.எம்.முக்கான வழிகாட்டிப் புத்தகத்தின் (டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு) அட்டவணைப்படி 52 ஹிட் பாயின்ட் தற்காப்பில் 1/2. மூன்று சுற்றின் சராசரிச் சேதம் 14 (ஊதல் இரண்டு பேர் மேல் படுவதாகக் கணக்கு), அது தாக்குதலில் 1. தாக்கும் எண் +6 என்பதால் ஒரு படி ஏறி 2. தற்காப்பு 1/2, தாக்குதல் 2, இவற்றுக்கு நடுவில் எடுத்தால் 1 வரும். மறைந்து மறைந்து வருவதால் நான் 2 என்றே வைக்கிறேன், அதற்கு 450 எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி). இரண்டாம் நிலையில் (லெவல்) நாலு பேர் இருந்தால் மீடியம் (நடுத்தரச்) சண்டைக்கு 400, ஹார்டு (கடினமான) சண்டைக்கு 600. சரியாக உள்ளே உட்காருகிறது.

ஆறு பேர் ஆடினால் ஹிட் பாயின்டை ஏற்றாதீர்கள். இரண்டாவது பேய் ஒன்றை விடுங்கள். ஒன்று அணையும்போது இன்னொன்று எரியும், அவர்கள் ஒரே பேய் என்று நினைத்துத் துரத்துவார்கள்.

பின்சேர்க்கை

முதலில் எழுதியபோது "இரும்பு பட்டால் வாயை மூட முடியாது" என்று போட்டிருந்தேன். படித்த பலரும் கேட்டது ஒன்றே: எல்லா வாளும் இரும்புதானே, அப்புறம் என்ன சவால்? நியாயம். இப்போதைய விதி: இரும்புப் பொருள் ஒன்றை மண்ணில் குத்தி, கையை எடுத்துவிட வேண்டும். அதைச் சுற்றி 10 அடிக்குள் பேயால் வாயை மூட முடியாது. வாளைக் குத்தினால் வாள் கையில் இருக்காது. காவல்காரரிடம் போனவர்களுக்கு அவர் ஒரு கடப்பாரை தருவார். மூன்று வெளிச்சத்தில் அவரையும் சேர்த்ததற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

ஸ்டாட் பிளாக்கைத் தமிழில் அச்சிட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். சில இணைய ஸ்டாட் பிளாக் கருவிகளில் பி.டி.எஃப். எடுத்தால் "கொ" உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறது. கூகுள் டாக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் அடித்து அங்கிருந்தே பி.டி.எஃப். எடுங்கள்.

டார்க்விஷன் பற்றியும் கேட்டார்கள். எல்ஃப், ட்வார்ஃப் எல்லாருக்கும் இருட்டில் கண் தெரியுமே, டார்ச் கணக்கு என்ன ஆகும்? டார்க்விஷன் பெரும்பாலும் 60 அடிதான், ஏரி அதைவிடப் பெரியது. அதுவும் போதவில்லை என்றால் கதையை மார்கழியில் வையுங்கள். பனிமூட்டத்துக்குள் டார்க்விஷனும் பார்க்காது. நெருப்பு மட்டும் மங்கலாகத் தெரிகிறது என்று ஜி.எம். சொல்லிவிட்டால் எல்ஃபும் டார்ச்சைத் தேடுவார்.