பக்ரீத்துக்குப் போகிற கிடாதான் பட்டியில் நிற்க வேண்டிய கிடா

வியாபாரி பட்டிக்குள் நுழைந்ததும் அவர் கண் எங்கே போகும்? நெஞ்சு அகன்று, முதுகு நேராக, மற்றதையெல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு தீனித் தொட்டிக்கு முன்னால் வருகிற கிடாக்குட்டியிடம்தான். நல்ல விலையும் அதற்குத்தான். பக்ரீத், தீபாவளி, ஊர் நோன்பி என்று எது வந்தாலும் முதலில் வண்டி ஏறுவது வேகமாக வளர்ந்த குட்டி. யாரும் கேட்காமல் மிஞ்சியது பட்டியிலேயே நிற்கும். அடுத்த வருடம் பிறக்கிற குட்டிகளுக்கெல்லாம் அதுதான் அப்பன்.

நான் மேச்சேரிச் செம்மறி ஆடு வளர்க்கத் தொடங்கிய முதல் சில வருடங்கள் இதைத்தான் செய்தேன். தீனியைக் கூட்டினேன், குடற்புழு மருந்து தவறாமல் கொடுத்தேன். ஆனாலும் குட்டிகள் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்தன. கோளாறு தீனியில் இல்லை என்று புரிய நாளாயிற்று. நல்ல குட்டியை விற்றுவிட்டு மிஞ்சியதைப் பொலிகிடாவாக வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

20 முதல் 40 பெட்டை வைத்திருப்பவர் பட்டியிலேயே கிடாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தேவை மூன்று பொருள்: ஒரு கெட்டி அட்டை நோட்டு, எண் போட்ட காது வில்லைகள், ஒரு கொக்கித் தராசு.

1. உங்களிடம் நிற்பது என்ன இனம்?

சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் மேச்சேரி. சிவந்த பழுப்பு நிறம், உடம்போடு ஒட்டிய குட்டை முடி, கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு கிடையாது. காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் சென்னைச் சிவப்பு. நிறம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் கிடாவுக்கு முறுக்கிய கொம்பு இருக்கும். தூத்துக்குடி, விருதுநகர் கரிசலில் வேம்பூர். நெட்டையான வெள்ளை உடம்பில் செம்பொட்டு இருப்பதால் பொட்டு ஆடு என்பார்கள். தெற்கே கீழக்கரிசலும் ராமநாதபுரம் வெள்ளையும் உண்டு. திருச்சி கருப்பும் கோவைக் குரும்பையும் கம்பளி முடி தருபவை. நீலகிரி ஆடு, 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்த மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களின் ரத்தம் கோவைப் பக்கத்து ஆட்டோடு கலந்து உருவானது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு இனமும் அதனதன் மண்ணில் நின்று தேர்ச்சி பெற்றது. மேச்சேரி, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிற்கிற கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்து ஆடு. பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து, உதிர்ந்த வேலங்காயைப் பொறுக்கித் தின்னும்போதும் உடம்பைப் பிடித்து வைத்திருக்கும். அதன் தோலுக்குத் தோல் பதனிடுகிறவர்களிடம் தனி மதிப்பு உண்டு. வளர்ந்த கிடா 35 கிலோவை ஒட்டி நிற்கும். நெல்லூர் கிடாவின் உயரத்தைப் பார்த்து மயங்கி, அதைக் கொண்டுவந்து கலக்கத் தோன்றும். முதல் தலைமுறைக் கலப்புக் குட்டி நன்றாகவே வளரும், மறுக்கவில்லை. அதை இறைச்சிக்கு விற்றால் லாபம்தான். ஆனால் அந்தக் கலப்புக் கிடாவையே பொலிக்கு நிறுத்தினால் அடுத்த தலைமுறை ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று சிதறிப் போகும். முதல் தலைமுறையில் கிடைத்த வீரியமும் பாதியாகக் குறைந்துவிடும். தொடங்குகிறவர்கள் தங்கள் ஊர் இனத்திலேயே நில்லுங்கள். மேச்சேரிக்குப் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஒருமுறை போய் அசல் இனத்தின் உருவத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு வாருங்கள்.

2. எண் போடுங்கள், எழுதுங்கள்

எல்லாப் பெட்டைக்கும் காது வில்லை. பிறக்கிற குட்டிக்கும் முதல் இரண்டு வாரத்துக்குள். காதில் தெரியும் ரத்தக் குழாய்களுக்கு நடுவே குத்த வேண்டும். குத்திய இடத்தில் ஈ மொய்க்காமல் மருந்து தடவுங்கள்.

நோட்டில் குட்டிக்கு ஒரு வரி: எண், பிறந்த தேதி, கிடாவா பெட்டையா, தாய் எண், அப்பன் எண், தாய்க்கு எத்தனையாவது ஈத்து, ஒற்றையா இரட்டையா, பிறந்த எடை. இதற்கு மேல் ஆசைப்பட்டுப் பத்துப் பதினைந்து கட்டம் போட்டால் இரண்டாம் மாதமே நோட்டு பரணுக்குப் போய்விடும். ‘எனக்கு எல்லாக் குட்டியும் முகம் தெரியும்’ என்று சொல்லாதீர்கள். முகம் தெரியலாம், எட்டு மாதத்துக்கு முந்தைய எடை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

3. இரண்டு முறை எடை போடுங்கள்

பிறந்து 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை, சீம்பால் குடித்து உடம்பு காய்ந்த பிறகு. மேச்சேரிக் குட்டி 2 முதல் 2.5 கிலோ இருக்கும். அப்புறம் 90ஆம் நாளை ஒட்டி ஒருமுறை.

90ஆம் நாள் எடையைக் காலையில், மேய்ச்சலுக்கு விடும் முன் போடுங்கள். வயிறு நிறையத் தின்ற குட்டியின் எடையில் தீனியும் தண்ணீரும் சேர்ந்துவிடும். பழைய வேட்டியை நான்காக மடித்துக் குட்டியின் வயிற்றுக்கடியில் கொடுத்து, நாலு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டுங்கள். தூக்கியதும் கால் உதறும், எண் 9.1, 11.4, 10.0 என்று குதிக்கும். ஒரு கையை அதன் நெற்றியில் லேசாக வையுங்கள். கண் மறைந்ததும் பல குட்டிகள் அடங்கிவிடும். எண் நிற்கும்போது பார்த்து, அந்த நிமிடமே எழுதுங்கள்.

4. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள்

ஆரம்பத்தில் நான் தடுக்கி விழுந்த இடம் இது. எல்லாக் குட்டியும் ஒரே நாளில் பிறப்பதில்லை. எடை போடும் நாளில் ஒன்றுக்கு 84 நாள், இன்னொன்றுக்கு 101 நாள். அப்படியே எடையைப் பார்த்தால் மூத்தது ஜெயித்துவிடும்.

கணக்கு எளிது. இன்றைய எடையிலிருந்து பிறந்த எடையைக் கழியுங்கள், வயது நாளால் வகுங்கள், 90ஆல் பெருக்குங்கள், பிறந்த எடையைத் திரும்பக் கூட்டுங்கள்.

17ஆம் எண் குட்டி: 101 நாளில் 11 கிலோ, பிறந்தபோது 2.6. வளர்ந்தது 8.4 கிலோ. 90 நாளுக்குக் கணக்கிட்டால் 10.1 கிலோ.

23ஆம் எண் குட்டி: 84 நாளில் 10.2 கிலோ, பிறந்தபோது 2.3. வளர்ந்தது 7.9 கிலோ. 90 நாளுக்கு 10.8 கிலோ.

பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் 17தான் பெரிதாகத் தெரியும். வேகமாக வளர்வது 23.

இன்னும் இரண்டு நியாயம் பாருங்கள். இரட்டையாகப் பிறந்தது பாலைப் பங்கு போட்டுக் குடித்தது. அதை ஒற்றைக் குட்டியோடு ஒப்பிடாமல், இரட்டைகளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். முதல் ஈத்துத் தாய்க்குப் பால் குறைவு, அவள் குட்டியைத் தலையீத்துக் குட்டிகளோடே வைத்துப் பாருங்கள். சராசரியை விட எத்தனை கிலோ கூட, எத்தனை கிலோ குறைவு என்பதுதான் நமக்கு வேண்டிய எண்.

5. கிடாவைத் தேர்ந்தெடுங்கள்

ஏன் கிடாவுக்கு இவ்வளவு பாடு? பெட்டையில் வயதானதை, மடி கெட்டதைக் கழித்துக்கொண்டே வருவதால், பிறக்கிற பெட்டைக்குட்டியில் பெரும்பகுதியை நாம் வைத்துக்கொண்டே ஆகவேண்டும். தேர்ந்தெடுக்க இடம் குறைவு. கிடாவில் 15 பிறந்தால் ஒன்று போதும். அந்த ஒன்று 30 குட்டிக்கு அப்பன். ஒவ்வொரு குட்டியின் மரபணுவிலும் சரிபாதி அவனிடமிருந்து வருகிறது.

சரி, ஆதாயம் எவ்வளவு? உங்கள் கிடாக்குட்டிகளின் சராசரி 10 கிலோ, நீங்கள் எடுத்தது 12.5 கிலோ என்று வையுங்கள். வித்தியாசம் 2.5 கிலோ. இதில் பெரும்பகுதி தாய்ப்பாலும் மேய்ச்சலும் கொடுத்தது. செம்மறியில் மூன்று மாத எடையின் வித்தியாசத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் மரபுவழி வருவது. ஆக அரைக் கிலோ. அதில் பாதி குட்டிக்கு இறங்கும், 250 கிராம். 30 குட்டிக்கு 7.5 கிலோ.

சின்னதாகத் தெரிகிறதா? தீனியால் ஏற்றிய எடை தீனியை நிறுத்தினால் போய்விடும். இது அந்தக் குட்டிகளின் ரத்தத்தில் தங்கி, அவை ஈனும் குட்டிக்கும் போகும். அடுத்த கிடா இதற்கு மேல் ஏற்றுவான். இதையே திருப்பிப் போடுங்கள்: 12.5 கிலோ குட்டியை விற்றுவிட்டு 8.5 கிலோவை நிறுத்தினால், ஒவ்வொரு குட்டியிலும் 150 கிராம் இறக்குகிறீர்கள். என் பட்டியில் குட்டி சிறுத்ததற்கு இந்தக் கணக்குதான் விடை.

எடையில் முதல் மூன்று இடத்தில் வந்த கிடாக்குட்டிகளை வியாபாரிக்குக் காட்டாமல் தனியே கட்டுங்கள். ஆறு மாதத்தில் இன்னொரு முறை எடை. அப்புறம் உடம்பைப் பாருங்கள். கீழ்ப்பல் மேல் ஈற்றில் பொருந்தி உட்கார வேண்டும். கீழ்த்தாடை முன்னால் நீண்டதும் பின்னால் போனதும் மேய்ச்சலில் தேறாது, அந்தக் குறை குட்டிக்கும் இறங்கும். விதை இரண்டும் இறங்கி, சம அளவில், அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். ஒற்றை விதை இறங்காத கிடா எவ்வளவு எடை இருந்தாலும் வேண்டாம். குளம்பு, முன்னங்கால், நடை. கடைசியாக அதன் தாயின் பக்கத்தைத் திருப்புங்கள். வருடம் தவறாமல் ஈன்று, குட்டியைச் சாகவிடாமல் 90 நாள் வளர்த்துக் கொடுத்த தாயின் மகனுக்கே என் ஓட்டு.

இரட்டைக் குட்டி வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைதான் ஈனும். இரட்டையாகப் பிறந்த கிடாவை வைத்தால் இரட்டை பெருகும் என்பது ஓரளவே உண்மை, ஏனென்றால் அந்தக் குணத்தில் மரபின் பங்கு பத்தில் ஒன்று போலத்தான். இதற்கு ஓர் அபூர்வ விலக்கு சுந்தரவனத்துக் கரோல் ஆடு. அதன் ஒற்றை மரபணு மாற்றம் ஒன்றே சினைமுட்டை எண்ணிக்கையை ஏற்றிவிடுகிறது. 1790களில் வங்காளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகள் வழியே இது அங்கே மெரினோவில் புகுந்து, பூரூலா மரபணு என்று பெயர் பெற்றது. 2001இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தன. மகாராஷ்டிராவில் பல்டனில் உள்ள நிம்ப்கர் ஆராய்ச்சி நிறுவனம் கரோலிலிருந்து அதைத் தக்காணி ஆட்டுக்குக் கொண்டுவந்து நாரி சுவர்ணாவை உருவாக்கியது. அருமையான வேலை. ஆனால் சித்திரை வெயிலில் ஒற்றைக் குட்டிக்கே பால் போதாத மானாவாரிப் பட்டியில், மூன்று குட்டி பிறந்து இரண்டு சாவதைப் பார்க்க எனக்கு மனம் வராது. ஈன்ற பெட்டைக்குத் தனித் தீனி வைக்க முடிந்தவர்கள் மட்டும் அதை யோசிக்கலாம்.

6. இணை சேர்க்கும்போது

நான்கு, ஐந்து மாதத்துக்குள் மற்றக் கிடாக்குட்டிகளை விற்றுவிடுங்கள், அல்லது காயடியுங்கள், அல்லது தனியே பிரியுங்கள். மேய்ச்சல் காட்டில் பக்கத்துப் பட்டிக் கிடா புகுந்தாலும் நோட்டில் அப்பன் எண் பொய்யாகிவிடும். பொலிகிடாவுக்கு ஒன்றரை வயது ஆகட்டும். 25 முதல் 30 பெட்டைக்கு ஒன்று போதும்.

காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் அப்புங்கள். ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டும். அந்தத் தேதியை எழுதினால் அதிலிருந்து சுமார் 150 நாளில் குட்டி. பருவம் 17 நாளுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், 17ஆம் நாள் நிறத்தை மாற்றிப் பூசுங்கள். புது நிறம் ஒட்டிய பெட்டைக்கு முதல் முறை சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். பாதிப் பேருக்கு மேல் புது நிறம் ஒட்டினால் கிடாவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

7. இரண்டு வருடத்தில் கிடாவை மாற்றுங்கள்

கிடாவைச் சேர்த்து ஐந்து மாதத்தில் குட்டி. அந்தப் பெட்டைக்குட்டி ஒரு வயதைத் தாண்டியதும் பருவத்துக்கு வரும். அதாவது ஒன்றரை, இரண்டு வருடத்தில் அவன் மகளே அவன் முன்னால் நிற்பாள். அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கிற குட்டிக்கு உள்ளினச்சேர்க்கை, அதாவது நெருங்கிய ரத்த உறவுக்குள் இணைவது, அதன் அளவு 25 சதவீதம். ஒரே அப்பனுக்குப் பிறந்தவை சேர்ந்தால் 12.5. பிறந்த எடை குறையும், சின்ன நோய்க்கே சாகும், சினை பிடிப்பதும் தள்ளிப் போகும். மறைந்திருக்கும் கெட்ட மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வதால் ஏற்படுவது இது.

இதற்குக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. உங்களைப் போலவே எடை போட்டு எழுதுகிற மூன்று, நான்கு பட்டிக்காரர்கள் ஒன்று சேருங்கள். இரண்டு வருடம் முடிந்த கிடா உங்களிடமிருந்து அடுத்த ஊருக்கு, அவருடையது அதற்கடுத்த ஊருக்கு, கடைசிப் பட்டியின் கிடா உங்களுக்கு. கொடுக்கும் முன் கிடாவின் நோட்டுப் பக்கத்தை, அதன் தாய், தகப்பன், 90ஆம் நாள் எடையோடு, ஒரு தாளில் நகலெடுத்துக் கையில் கொடுங்கள். வாங்கும்போதும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.