லோடோடு இறங்கிப் போகாதீர்கள்: லாரி வேலை மாறும்போது டிரைவர்கள் செய்யும் தவறுகள்

நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு டீசல் பங்கில் வண்டியை ஓரங்கட்டுவது, சாவியைப் பங்க்காரரிடம் கொடுப்பது, "முதலாளி, நான் ரயில் ஏறிட்டேன், ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்குங்க" என்று போன் போடுவது. நாமக்கல் பக்கம் லாரி ஆபிஸில் கொஞ்ச காலம் உட்கார்ந்தவர்கள் இந்த போனை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். பதினோரு வருடம் வடநாட்டு லைன் ஓட்டிவிட்டு இப்போது டிரிப் கணக்கு எழுதுகிறவன் நான். ஓனருக்கும் டிரைவருக்கும் நடக்கிற சண்டைகளில் பாதி, டிரைவர் வேலையை விட்டதால் வருவதில்லை. எங்கே, எப்படி விட்டார் என்பதில்தான் வருகிறது.

லோடு ஏற்றிய வண்டிக்கு இ-வே பில் உண்டு, அதாவது சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. போர்ட்டலில் எடுக்கிற பில். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் கணக்கு. நாமக்கல்லில் இருந்து நாக்பூர் 1,200 கிலோமீட்டருக்கு மேல், ஆக ஏழு நாள் கிடைக்கும். நீங்கள் பாதியில் இறங்கிவிட்டால், ஓனர் ஆக்டிங் டிரைவரை, அதாவது மாற்று டிரைவரைத் தேடிப் பிடித்து, ரயிலில் அனுப்பி, அவர் போய்ச் சேர்வதற்குள் அந்த ஏழு நாளும் தீர்ந்துவிடலாம். நீட்டிக்க வேண்டுமென்றால் கெடு முடிவதற்கு முன் எட்டு மணி நேரம், பின் எட்டு மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். விட்டுவிட்டால் ஜி.எஸ்.டி. ஸ்குவாட் வண்டியையும் சரக்கையும் சேர்த்துப் பிடித்து வைக்கலாம். நம் தொழிலில் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எல்லாம் யாரும் கேட்பதில்லை. புது ஓனர் பழைய ஓனருக்கு ஒரு போன் போடுவார். "நல்லா ஓட்டுவான், ஆனா நடுவழியில விட்டுட்டுப் போயிடுவான்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

பிரேக் சரியில்லை, உடம்பு முடியவில்லை என்றால் அது வேறு. ஓட்ட மாட்டேன் என்று சொல்வதில் தவறே இல்லை. வண்டி நிற்கும் இடத்தின் லொகேஷனையும் காரணத்தையும் வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள், மாற்று ஆள் வரும்வரை வண்டியோடு இருங்கள். மற்றபடி எவ்வளவு கோபம் இருந்தாலும் லோடை இறக்கி, பில்லில் சீல் வாங்கி, காலி வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திய பிறகு கணக்கைப் பேசுங்கள்.

போகப் போகிற செய்தியை டீக்கடையில் சொல்லிவிட்டு முதலாளியிடம் கடைசியாகச் சொல்வது இன்னொரு வழக்கம். சங்ககிரியில் சாயங்காலம் பேசியது திருச்செங்கோட்டுக்கு ராத்திரியே போய்விடும். ஒரு டிரிப்புக்கு முன்பே, நேரில் சொல்லிவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயம்தான் பெரிய தலைவலி. சேரும்போது முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று வாங்கியிருப்போம். எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது நினைவிருக்காது. தொகை எழுதாத புரோநோட்டாக இருக்கலாம், வெறும் செக்காக இருக்கலாம், ஒரிஜினல் லைசென்ஸே ஓனரின் பீரோவில் இருக்கலாம். பணத்தை டிரிப்புக்கு டிரிப் கழித்து முடித்துவிட்டு, காகிதத்தைத் திரும்ப வாங்காமல் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படிப் போனவன்தான். கடன் தீர்ந்து இரண்டு வருடம் கழித்து அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். புரோநோட்டுக்கு மூன்று வருடம் வரை கேஸ் போட வழியுண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கணக்கு முடிகிற நாளிலேயே நோட்டையும் செக்கையும் லைசென்ஸையும் கையில் வாங்குங்கள். "பாக்கி இல்லை" என்று ஒரு வரியும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸைத் தரவில்லை என்பதற்காகத் தொலைந்துபோனதாகப் பொய் சொல்லி டூப்ளிகேட் எடுக்கிறார்கள் சிலர். அந்தப் பொய்க்கு நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு மறுநாள் காணாமல் போவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், "பழைய கடனை நானே அடைச்சு உன்னை எடுத்துக்கிறேன்" என்கிற புது ஓனர். கேட்கும்போது மனசு குளிரும். கடன் ஒரு பீரோவில் இருந்து இன்னொரு பீரோவுக்குப் போகிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்தை எத்தனை டிரிப்பில், எவ்வளவு வீதம் பிடிப்பார்கள் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கூடவே எந்த லைன், சம்பளம் மாதக் கணக்கா, டிரிப் கணக்கா, வண்டி ஓடாமல் நிற்கிற ஹால்டிங் நாளுக்கு பேட்டா உண்டா, வழிச்செலவு யார் கையில் இருந்து என்பதையும் கேட்டுவிடுங்கள். "சம்பளம் அதிகம்" என்று போய், அன்லோடுக்காக நாலு நாள் பேட்டா இல்லாமல் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. கேஸ் டேங்கருக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அபாயகரமான சரக்கு ஓட்ட மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு செய்திருக்க வேண்டும். அது கைக்கு வரும் முன் பழைய வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்புவது பெரிய தவறு. பன்னிரண்டு வீல் வண்டியில் ஸ்டெப்னியோடு பதிமூன்று டயர். ஒவ்வொன்றிலும் சீரியல் நம்பர் இருக்கிறது. நீங்கள் போன பிறகு ஒரு டயர் மாறியிருந்தால் பழி யார் மேல் விழும் என்று உங்களுக்கே தெரியும். டயர் நம்பர், கிலோமீட்டர் மீட்டர், டீசல் அளவு, பி.எஸ்.6 வண்டியானால் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற ஆட்ப்ளூ, தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, லீவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, அங்கேயே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலை. ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் காகிதங்களை எண்ணிக் கொடுங்கள்.

பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்து விலகுகிறவர்கள் பி.எஃப். பணத்தை உடனே உருவிவிடுகிறார்கள். பி.எஃப்.புக்கு உங்களுக்கென்று தருகிற யு.ஏ.என். நம்பர் மாறாது, அதையே புது கம்பெனியில் கொடுத்தால் போதும், பழைய பணத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே போனால் அது சேரவே சேராது. விலகிய தேதியைப் பழைய கம்பெனி போடாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்தில் இருந்து இரண்டு மாதம் கழித்து அதை நீங்களே போர்ட்டலில் பதியலாம்.

கடைசியாக, உங்கள் போன் நம்பர். டீசல் கார்டு, ஃபாஸ்டாக், ஜி.பி.எஸ். என்று எதற்கெல்லாம் உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறீர்களோ, அதையெல்லாம் மாற்றச் சொல்லுங்கள். நான் விட்டு வந்த வண்டியின் டீசல் ஓ.டி.பி. ஆறு மாதம் என் போனுக்குத்தான் வந்தது. நடுராத்திரியில் ஏதோ ஒரு பங்கில் இருந்து புது டிரைவர் கூப்பிடுவார். தூக்கத்தில் எழுந்து நம்பரைப் படித்துச் சொல்லுவேன்.