தாய்லாந்தில் ஓய்வுக்கால வாழ்க்கை: 90 நாள் முகவரி அறிவிப்பைத் தவறாமல் செய்யும் முறை

தாய்லாந்தில் ஓய்வுக்கால விசாவிலோ, அதன் அடிப்படையில் ஆண்டுதோறும் பெறும் தங்கல் நீட்டிப்பிலோ வாழும் வெளிநாட்டவர், நாட்டை விட்டு வெளியே போகாமல் 90 நாள்களுக்கு மேல் தங்கினால், தாம் குடியிருக்கும் முகவரியைக் குடிநுழைவு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன் பின் ஒவ்வொரு 90 நாளுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். 1979ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 37ஆம் பிரிவு விதிக்கும் கடமை இது. இதற்குரிய படிவம் டி.எம்.47, கட்டணம் கிடையாது.

வேலை சிறியதுதான். ஆனால் இதைத் தங்கல் அனுமதியோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். அறிவிப்பை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அலுவலர் தரும் துண்டுச் சீட்டில் அடுத்து வர வேண்டிய தேதி இருக்கும். அந்தத் தேதி வரை நாட்டில் தங்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. தங்கல் அனுமதி எந்த நாளோடு முடிகிறது என்பதைக் கடவுச்சீட்டில் குத்தப்பட்ட முத்திரை மட்டுமே சொல்லும். அந்த நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் வீதம், 20,000 பாட் வரை அபராதம் ஏறும். ஆகவே நாள்காட்டியில் இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒரே நிறத்தில் குறிக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

நாள் கணக்கு, நாட்டுக்குள் நுழைந்த நாளையே முதல் நாளாகக் கொண்டு தொடங்குகிறது. 2026 ஜனவரி 10 அன்று வந்து இறங்கியவருக்கு 90ஆம் நாள் ஏப்ரல் 9. நேரில் செல்பவர் அதற்கு 15 நாள் முன்னதாக, அதாவது மார்ச் 25 முதல், கெடு முடிந்து 7 நாள் வரை, அதாவது ஏப்ரல் 16 வரை, அறிவிப்பைக் கொடுக்கலாம். ஏழு நாள் சலுகை இருக்கிறதே என்று தள்ளிப்போடுபவர் இந்த எடுத்துக்காட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 11, 12 சனி, ஞாயிறு; 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் விடுமுறை. ஏழு நாளில் அலுவலகம் திறந்திருப்பது 10, 16 ஆகிய இரண்டே நாள்கள். விடுமுறை முடிந்த முதல் நாளில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சலுகை நாள்களை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு, முன்னால் கிடைக்கும் 15 நாள்களையே பயன்படுத்துவது என் பரிந்துரை. முதல் அறிவிப்புக்குப் பிறகு நீங்களே விரல்விட்டு எண்ணவும் வேண்டாம். சீட்டில் அச்சிட்ட தேதியே கணக்கு.

இடையில் நாட்டை விட்டு வெளியேறினால் பழைய கணக்கு அங்கேயே முடிந்துவிடும். திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாக 90 நாள் எண்ண வேண்டும். நான்கு நாள் பயணமாக இருந்தாலும் இதுவே விதி. பயணத்துக்கு முன் இதைவிட முக்கியமான ஒன்று, மறுநுழைவு அனுமதி. டி.எம்.8 படிவத்தில் அதைப் பெறாமல் வெளியேறினால் ஆண்டு நீட்டிப்பே ரத்தாகிவிடும். ஒருமுறை நுழைவுக்கு 1,000 பாட், பலமுறை நுழைவுக்கு 3,800 பாட். பேரக் குழந்தைகளைப் பார்க்க ஆண்டுக்குப் பலமுறை பறப்பவர்களுக்கு இரண்டாவதே சிக்கனம்.

தங்கல் நீட்டிப்புக்கு முதன்முறையாக விண்ணப்பிக்கும்போது அந்த விண்ணப்பமே 90 நாள் அறிவிப்பாகவும் கொள்ளப்படும். அடுத்தடுத்த ஆண்டுகளின் நீட்டிப்புகளுக்கு இது பொருந்தாது என்பதை மறந்துவிட வேண்டாம். நீட்டிப்பு முத்திரை கைக்கு வந்த நிம்மதியில் அறிவிப்பு நழுவிப்போவது இங்கேதான்.

அறிவிப்புக்கு முன்பே சரியாக இருக்க வேண்டியது டி.எம்.30, அதாவது வீட்டில் வெளிநாட்டவர் தங்குவதைக் குடிநுழைவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம். வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அதைத் தாக்கல் செய்வது வீட்டு உரிமையாளரின் கடமை. கடமை அவருடையது என்றாலும், அது பதிவாகாதபோது கவுன்டரில் நின்று பதில் சொல்வது நீங்கள்தான். எனவே வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே இதைப் பேசி, பதிவு ரசீதின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டி.எம்.47இல் எழுதும் முகவரி, வீட்டு எண்ணிலிருந்து மாவட்டம் வரை அந்த ரசீதில் உள்ளபடியே இருக்கட்டும். தாய்லாந்து மொழி ஆவணங்களில் ஆண்டு பௌத்த கணக்கில் வரும். 2569 என்று கண்டு திகைக்காமல் 543ஐக் கழித்தால் 2026.

நேரில் செல்பவர் பூர்த்தி செய்த படிவம், கடவுச்சீட்டு, முந்தைய சீட்டு ஆகியவற்றோடு, கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கம், கடைசி விசா, கடைசி நுழைவு முத்திரை, கடைசி நீட்டிப்பு ஆகியவற்றின் நகல்களையும் கொண்டுபோக வேண்டும். எல்லா அலுவலகமும் எல்லா நகலையும் கேட்பதில்லை; இருந்தாலும் கையில் இருப்பது நல்லது, ஒவ்வொரு நகலிலும் கையெழுத்துப் போட்டு வைப்பது அதைவிட நல்லது. நீங்கள் வசிக்கும் மாகாணத்துக்குரிய அலுவலகத்துக்கே செல்ல வேண்டும். பாங்காக்கில் வசிப்பவர்களுக்கு அது சேங் வத்தானா சாலையின் அரசு அலுவலக வளாகத்தில் இருக்கிறது.

இணையவழியில் செய்பவர்களுக்கு அலைச்சல் இல்லை. ஆனால் கெடுவுக்குப் பிந்தைய 7 நாள் சலுகை அங்கே செல்லாது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் அடுத்த அறிவிப்பை நேரில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு இணையத்துக்குத் திரும்பலாம். தமிழர்களில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். பெயரை ஒருமுறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் பிரித்து எழுதினால் கணினிப் பதிவோடு பொருந்தாமல் போகும். விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டாலும் நேரில் போக அவகாசம் இருக்கும்படி, 15 நாள் தொடங்கியதுமே பதிவேற்றிவிடுங்கள். ஒப்புதல் வந்ததும் சீட்டை அச்சிட்டுக் கடவுச்சீட்டோடு வையுங்கள்; நிலுவையில் உள்ளது என்ற தகவலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

அஞ்சல் வழியும் உண்டு. கெடுவுக்கு 15 நாளாவது முன்னதாகப் பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். சுயமுகவரியிட்டு அஞ்சல்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்க வேண்டும். கடவுச்சீட்டை ஒருபோதும் அனுப்பாதீர்கள், நகல் போதும். அஞ்சலக ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

காலம் தாண்டிவிட்டால் தாமாக முன்வந்து 2,000 பாட் கட்டி முடித்துக்கொள்வதே வழி. பிடிபடும் வரை காத்திருந்தால் தொகை கூடும். நீண்டகால வசிப்பு விசா (எல்.டி.ஆர்.) எனப்படும் தனி வகை விசா பெற்றவர்களுக்கு 90 நாளுக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒருமுறை என்ற தளர்வு இருக்கிறது.

உடல்நிலை காரணமாகப் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. துணைவரோ நண்பரோ உங்கள் சார்பில் படிவத்தைக் கொடுக்கலாம். குடிநுழைவுத் துறை அதை அனுமதிக்கிறது. அனுப்பும் முன் படிவத்தில் நீங்களே கையெழுத்திட்டு, அசல் கடவுச்சீட்டையும் முந்தைய சீட்டையும் அவரிடம் ஒப்படையுங்கள். திரும்பி வந்ததும் புதிய சீட்டில் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் சரியாக உள்ளனவா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.