பேட்டரி 9 வோல்ட் காட்டுகிறது, அப்புறம் ஏன் சர்க்யூட் ஓடவில்லை?

கல்லூரிகளில் ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கும் மாதங்களில் என் மேஜைக்கு செருப்பு டப்பாக்கள் வரத் தொடங்கும். உள்ளே ஒரு பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் ஒயர் செருகும் ஓட்டைப் பலகை), புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு, ஆர்டுவினோவோ ஈஎஸ்பி32-வோ, எது எங்கே போகிறது என்று கட்டியவருக்கே மறந்துபோன ஒயர்கள். கூடவே ஒரு வசனமும் வரும்: "கோடு சரிதான் சார், போர்டுதான் போயிடுச்சு." எங்கள் காலத்தில் கோடு, அதாவது புரோகிராம், இல்லை, அதனால் "ஐசி போயிடுச்சு" என்போம். மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

எல்இடியைத் திருப்பிப் போடுவது, பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை நடந்தால் தானே புத்தி வந்துவிடும். கண்ணில் படாமல் காசைத் தின்னும் தவறுகள் வேறு.

## சும்மா கிடக்கும் பேட்டரியை அளந்துவிட்டு "பவர் ஓகே" என்பது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான். எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான்.

அண்மையில் வந்த ஒரு ரோபோ காரைச் சொல்கிறேன். மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் டிரைவர், ஆர்டுவினோ ஊனோ, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சதுர 9 வோல்ட் பேட்டரி. கார் இரண்டு முறை உதறிவிட்டு நின்றுவிடும், போர்டு ரீஸ்டார்ட் ஆகும். பையன்கள் ஊனோவை மாற்றியிருந்தார்கள். டிரைவரை மாற்றியிருந்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மறுபடி போய் மோட்டாரும் வாங்கியிருந்தார்கள். கோடை முதலிலிருந்து எழுதியிருந்தார்கள். பேட்டரியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அதை அளந்துவிட்டார்களாம். எனக்கும் கழற்றி அளந்து காட்டினார்கள்: 9.1. "பாருங்க சார், புதுசு."

கழற்றி அளந்தால் 9.1 காட்டத்தான் செய்யும். வோல்ட் அளக்கும்போது மல்டிமீட்டர் 1 மெகாஓம் அல்லது 10 மெகாஓம் ரெசிஸ்டர் போல நடந்துகொள்கிறது. அது இழுக்கும் கரண்ட் மைக்ரோஆம்பியர் கணக்கு. அந்த வேலைக்கு சாகக் கிடக்கும் பேட்டரியும் தெம்பாக முகம் காட்டும். மோட்டார் கேட்பதோ நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர், அதிலும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில் ஓடும்போது கேட்பதைவிடப் பல மடங்கு. மலிவான ஜிங்க் கார்பன் 9 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் ஒளிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது 30 ஓம் என்றால், 0.2 ஆம்பியர் இழுத்தாலே 6 வோல்ட் உள்ளேயே கரைந்துவிடும், வெளியே வருவது 3 வோல்ட்தான். போர்வெல் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்குகிறதே, அதே சங்கதிதான்.

காரைத் தூக்கிப் பிடித்து ஓடவிடச் சொல்லிவிட்டு, மீட்டரின் புரோபை (அளக்கும் முள்) பேட்டரி முனையிலேயே வைத்திருந்தேன். சக்கரம் உதறியது. எண் 9-லிருந்து 4 சொச்சத்துக்கு விழுந்தது, போர்டின் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது, எண் மெல்ல ஏறியது. ஊனோவின் ஜாக்கில் கொடுக்கும் பவர் 7 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. எல்298என் வேறு ஒரு ஆம்பியர் ஓடும்போது சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். 18650 லித்தியம் செல் இரண்டை சீரியலாகப் போட்டதும் கார் ஓடியது. குப்பைக்குப் போகவிருந்த பழைய ஊனோவும் நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே சர்க்யூட் வேலை செய்யும்போதே அளக்க வேண்டும். அதுவும் அடாப்டர் முனையில் இல்லை, சிப்பின் காலில். கறுப்பு புரோபை சிப்பின் கிரவுண்டு (மைனஸ்) காலிலும் சிவப்பை விசிசி (பிளஸ் பவர்) காலிலும் வையுங்கள். அங்கே 4.4, அடாப்டரில் 5.1 என்றால் நடுவில் 0.7 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம்: வோல்ட் ரேஞ்சிலேயே விட்டு, இரண்டு புரோபையும் ஒரே ஒயரின் இரண்டு முனைகளில் வையுங்கள். நல்ல ஒயர் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அரை வோல்ட் காட்டினால் அதுதான் திருடன். கிரவுண்டு ஒயரையும் இப்படிப் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. மலிவான ஜம்பர் ஒயர்களில் செம்பைவிட இரும்பும் அலுமினியமும் அதிகம். சார்ஜருடன் வரும் மெல்லிய யுஎஸ்பி கேபிளும் இந்த ரகம்தான்.

ஈஎஸ்பி32-வில் இதே நோய்க்கு வேறு முகம். வைஃபை ஆன் ஆகும் நொடியில், போர்டு அனுப்பும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்று ஒரு வரி வந்து போர்டு ரீஸ்டார்ட் ஆகும். வைஃபையில் அனுப்பும்போது அந்தச் சிப் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். தயாரிப்பாளரே 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும் என்கிறார். ஊனோவின் 3.3 வோல்ட் பின் தருவது 50 மில்லிஆம்பியர்தான். அங்கிருந்து வைஃபை சிப்புக்கு பவர் எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். வோல்டேஜ் குறைகிறது என்று சிப்பே வாய்விட்டுச் சொல்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அந்த டிடெக்டரை அணைக்க ஒரு வரி கோடு கிடைக்கிறது, அதை ஒட்டிவிடுகிறார்கள். செய்தி நின்றுவிடும். அதன் பிறகு போர்டு காரணம் சொல்லாமல் தொங்கும்.

இன்னொன்று. மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். சில மில்லிசெகண்டு சரிவு அதில் தெரியாது. அதை வரைபடமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லையென்றால், போர்டின் பவர் பின்னுக்குப் பக்கத்திலேயே ஒரு 470 மைக்ரோபாராட் கெப்பாசிட்டரை பிளஸ் மைனஸ் பார்த்துச் செருகுங்கள். கோளாறு மறைந்தாலோ குறைந்தாலோ குற்றவாளி பவர்தான், கோடு இல்லை.

## மோட்டாருக்குத் தனி பேட்டரி, கிரவுண்டும் தனி

தனி பேட்டரி நல்ல யோசனை. ஆனால் இரண்டின் மைனஸையும் சேர்க்காவிட்டால் சிக்னலுக்குத் திரும்பும் வழி இல்லை. சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) நடுங்கிக்கொண்டே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். பிளஸ் இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள்.

## ரிலேயை நேராகப் போர்டின் பின்னில் கட்டுவது

ரிலே என்பது காயிலில் கரண்ட் ஓடினால் இயங்கும் ஸ்விட்ச். அந்த நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயில் 70 ஓம் அளவு, அதாவது 70 மில்லிஆம்பியர். ஊனோவின் ஒரு பின் 40-க்கு மேல் தாங்காது, 20-க்குள் வைப்பதே நல்லது. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும், காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடும் வேண்டும், டையோடின் மேல் வளையக் கோடு போட்ட பக்கம் பிளஸில். டையோடு இல்லாமலும் சில நாள் ஓடும். அந்தச் சில நாளை நம்பித்தான் எல்லோரும் டையோடை விட்டுவிடுகிறார்கள்.

## பிசி547 இல்லை என்று 2என்3904 போடுவது

இரண்டும் டிரான்சிஸ்டர்தான், போடலாம். ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் பிசி547-ல் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். திருப்பிச் செருகுங்கள்.

## பவர் பேங்கில் சின்ன சர்க்யூட்

குறைந்த கரண்ட் இழுத்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்து பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். சர்க்யூட்டில் கோளாறு இல்லை.

## நீளமான பிரெட்போர்டின் பவர் வரிசை

பலவற்றில் நடுவில் துண்டாகியிருக்கும். ஜம்பர் போடுங்கள்.

## சிவப்பு புரோபை 10 ஆம்பியர் ஓட்டையில் மறந்துவிடுவது

கரண்ட் அளந்துவிட்டு அப்படியே வோல்ட் அளக்கப் போனால் அது நேர் ஷார்ட். மலிவான மஞ்சள் மீட்டரில் அந்த ஓட்டைக்கு ஃப்யூஸ் கிடையாது, மீட்டரின் முகத்திலேயே எழுதியிருக்கும். லித்தியம் செல்லில் இது நடந்தால் புரோப் முனை உருகும். வீட்டு 230 வோல்ட்டில் இதைச் செய்தவர் கையைப் பார்த்திருக்கிறேன், விவரிக்க விருப்பமில்லை.

## ஐந்து வண்ணக் கோடு ரெசிஸ்டரைக் கண்ணால் படிப்பது

10கே (10,000 ஓம்): பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. மறுபக்கத்திலிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, அதாவது 120 ஓம். அதுவும் கடையில் கிடைக்கும் மதிப்புதான், அதனால் சந்தேகமே வராது. நீல உடம்பின் மேல் பழுப்பும் சிவப்பும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரியும். அளந்து போடுங்கள். ஏற்கெனவே போர்டில் இருக்கிறதென்றால் பவரை எடுத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிய பிறகு அளங்கள்.