யப்பானிலிருந்து கனடாவுக்கு ஒரு பழைய ஹயேஸ்: முதல் தடவை இறக்குபவர்களுக்குப் படிப்படியாக

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு டொல்பின் வானை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கலியாண வீடு, கோயில் திருவிழா, கட்டுநாயக்கா விமான நிலையம் என்று எல்லாவற்றுக்கும் அதில்தான் போனோம். அதற்கு அடுத்த தலைமுறையாக 2004 ஓகஸ்ட்டில் யப்பானில் வெளிவந்த ரொயோட்டா ஹயேஸ் வானைத்தான் ஊரில் 'கே.டி.எச்.' என்கிறார்கள். அது டீசல் வானின் சேசிஸ் இலக்கத்தில் வரும் முன்னெழுத்து. இந்த வானை ரொயோட்டா கனடாவில் விற்கவே இல்லை. ஆகவே இங்கே ஒன்றை ஓட்ட ஆசைப்பட்டால் கப்பலில் இறக்குவதுதான் வழி.

அந்த வழி திறந்திருப்பதற்குக் காரணம் 15 ஆண்டு விதி. தயாரித்து 15 ஆண்டு கடந்த வாகனத்துக்குக் கனடாவின் பாதுகாப்புத் தரங்களில் இருந்து விலக்கு உண்டு. அமெரிக்காவில் இதே விலக்குக்கு 25 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதனால்தான் யப்பானிய வலப்பக்க ஸ்ரியரிங் வாகனங்களை அங்கே இருப்பதைவிட இங்கே இளம் வயதில் காண்கிறோம்.

ஸ்காபரோவில் என் மச்சானுக்காக ஒன்றை இறக்கியபோது படித்ததையும், பிறகு இரண்டு நண்பர்களுக்கு உதவியபோது தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நான் முதலிலேயே சொல்ல விரும்புவது ஒன்று: இந்த வேலையைப் பின்னாலிருந்து முன்னால் செய்யுங்கள். யப்பானில் வாகனம் வாங்கும் ஏலத்தில் இருந்து தொடங்காதீர்கள். இலக்கத் தகட்டில் இருந்து தொடங்குங்கள்.

படி 1: காப்புறுதி

ஒன்ராறியோவில் காப்புறுதி இல்லாமல் தகடு வாங்கி வாகனத்தைத் தெருவில் இறக்க முடியாது. வலப்பக்க ஸ்ரியரிங் இங்கே சட்டப்படி சரிதான். ஆனால் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் அதை எடுப்பதில்லை. நாங்கள் இதைக் கேட்காமலே வானை வாங்கினோம். வான் வந்து இறங்கிய பிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டு, 'எங்கள் பட்டியலில் இந்த மொடல் இல்லை' என்ற பதிலையே திரும்பத் திரும்ப வாங்கினோம். நான்கு மாதம் அந்த வான் வீட்டு வாசலில் தறப்பாள் போர்த்தியபடி நின்றது. மச்சான் ஒவ்வொரு ஞாயிறும் போய் எஞ்சினை மட்டும் இயக்கிவிட்டு வருவார். பார்க்கவே மனம் கனக்கும்.

ஆகவே முதலில் ஒரு காப்புறுதித் தரகரைப் பிடியுங்கள். 'ரொயோட்டா ஹயேஸ், வலப்பக்க ஸ்ரியரிங், இன்ன ஆண்டு, இத்தனை ஆசனம், சொந்தப் பாவனை' என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். யப்பானிய சேசிஸ் இலக்கம் இங்குள்ள 17 எழுத்து இலக்கம் போல இராது, அதைவிடக் குறுகியது. சில நிறுவனங்களின் கணினி அதை ஏற்காது என்பதால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கியூபெக்கில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே 25 ஆண்டு ஆகாத வலப்பக்க ஸ்ரியரிங் வாகனத்தைத் தெருவில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. 15 ஆண்டு விதியை நம்பி வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 2: எந்த ஹயேஸ்?

எங்கள் ஆட்கள் அதிகம் கேட்பது ஊரில் ஓடும் 14 ஆசன வானைத்தான். அதை மறந்துவிடுங்கள். ஓட்டுநருடன் சேர்த்து 10 ஆசனத்துக்கு மேல் இருந்தால் கனடாவின் சட்டத்தில் அது பஸ். பஸ்ஸுக்கு 15 ஆண்டு விதி பொருந்தாது. 1971 ஜனவரி 1க்கு முன் தயாரித்த பஸ்ஸுக்குத்தான் விலக்கு. ஏலத்தில் மலிவாக, அழகாக ஒரு 14 ஆசன 'கொம்யூட்டர்' கண்ணில் படும். வாங்காதீர்கள்.

மீதி இருப்பவை இரண்டு வகை. ஒன்று சரக்கு வான். அதில் டீசல் என்றால் சேசிஸ் இலக்கம் கே.டி.எச். என்றும், பெற்றோல் என்றால் டி.ஆர்.எச். என்றும் தொடங்கும். மற்றது 10 ஆசன வேகன், 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின். பிள்ளைகள், பெற்றோர், மாமா மாமி என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமானால் வேகன்தான் சரி. அதில் சரியாக 10 ஆசனம் என்பதால் பஸ் என்ற வரையறைக்குள் விழாது.

அடுத்து வயது. விதி பார்ப்பது தயாரித்த மாதத்தை. 2010 ஜூனில் தயாரித்த வான் 2025 ஜூனில் தகுதி பெறும். யப்பானியப் பத்திரத்தில் இருப்பதோ முதற் பதிவு மாதம், அதுவும் பேரரசர் ஆண்டுக் கணக்கில். 'ஹெய்செய் 22' என்றிருந்தால் 1988ஐக் கூட்டுங்கள், 2010 வரும். 'ரெய்வா' என்றிருந்தால் 2018ஐக் கூட்டுங்கள். தயாரித்த மாதத்தை சேசிஸ் இலக்கத்தை வைத்து ரொயோட்டாவின் உதிரிப்பாகப் பட்டியலில் பார்க்கலாம். அதைப் பார்த்து எழுதித் தரும்படி ஏற்றுமதி முகவரிடம் கேளுங்கள். நாள் நெருக்கமாக இருந்தால், தகுதி பெறும் மாதம் வந்த பிறகே வாகனம் கனடாவில் இறங்குமாறு கப்பலைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யப்பானில் வாகனம் இடப்பக்கம் ஓடும், ஆகவே நடைபாதையும் இடப்பக்கம். ஹயேஸின் ஸ்லைடிங் கதவும் இடப்பக்கம். சில வான்களில் அந்தப் பக்கம் மட்டுமே கதவு இருக்கும். இங்கே இடப்பக்கம் என்றால் வாகனங்கள் விரையும் பக்கம். பிள்ளைகளை ஏற்றி இறக்கப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு உள்ள வானைத் தேடுங்கள். ஐந்நூறு டொலர் கூடினாலும் பரவாயில்லை.

படி 3: ஏலத் தாளைப் படிப்பது

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். யப்பானிய வாகன ஏலங்களில் அங்கத்தவர்களே விலை கேட்கலாம். நாங்கள் ஒரு முகவர் மூலமாகத்தான் போக வேண்டும். யு.எஸ்.எஸ்., டி.ஏ.ஏ., ஜே.யு., அராய் எல்லாம் பெரிய ஏலக் குழுமங்கள். ஒவ்வொரு வாகனத்தையும் ஏலக்கூடத்தின் பரிசோதகர் பார்த்து ஒரு தாள் எழுதுவார். அந்தத் தாள்தான் உங்கள் கண்.

தாளின் மேல் மூலையில் மொத்த மதிப்பெண் இருக்கும். 15 ஆண்டு ஓடிய வானுக்கு 4 கிடைத்தால் நல்லது. 3.5 சாதாரணம். 'ஆர்' அல்லது 'ஆர்.ஏ.' என்றிருந்தால் சட்டகத்தில் அடிபட்டுத் திருத்திய வாகனம். உள்பக்கத்துக்கு ஏ முதல் டி வரை தனி எழுத்து.

பிறகு வாகனத்தின் படம் ஒன்று வரைந்திருக்கும். அதில் 'ஏ' என்றால் கீறல், 'யு' என்றால் நெளிவு, 'டபிள்யு' என்றால் திருத்திய தடம், 'எஸ்' என்றால் கறள், 'சி' என்றால் அரிப்பு, 'எக்ஸ்எக்ஸ்' என்றால் மாற்றிய பாகம். பக்கத்தில் உள்ள இலக்கம் அளவைச் சொல்லும், 1 சின்னது, 3 பெரியது. ஏ1, யு1 எல்லாம் வேலைக்கு ஓடிய வானில் இருக்கத்தான் செய்யும், அதற்குப் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது கையால் எழுதிய குறிப்புகளுக்கு. முகவரிடம் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள். குறிப்பாக மூன்று சொற்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்: 'ஷிதாமவாரி' என்றால் வாகனத்தின் அடிப்பக்கம், 'ஸபி' என்றால் கறள், 'ஃபுஷோகு' என்றால் கறள் தின்று அரித்த நிலை. அடிப்பக்கத்துக்கு 'ஃபுஷோகு' எழுதியிருந்தால் அந்த வானை விட்டுவிடுங்கள். ஒன்ராறியோவின் உப்புத் தெருக்களில் அது இரண்டு பனிக்காலம் தாங்காது.

நான்கு சில்லு இழுவை உள்ள டீசல் வான் வேண்டும் என்றுதான் இங்கே எல்லோரும் கேட்கிறார்கள், பனிக்கு நல்லது என்று. யப்பானில் அந்த வகையை அதிகம் வாங்குகிறவர்களும் பனி கொட்டும் ஹொக்கைடோ, தொஹோகு, நிகாட்டா பக்கத்தார்தான். அங்கேயும் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள். என் தெரிவு: தெற்கே கியூஷு பக்கம் ஓடிய, பின் சில்லு மட்டும் இழுக்கும், அடிப்பக்கம் சுத்தமான வான். நல்ல பனி ரயர் போட்டால் நகரத்துக்குள் அது போதும். ஹயேஸின் ரயர் அளவு 195/80 ஆர்15, சரக்கு வாகன ரயர். இங்கே எல்லாக் கடையிலும் இராது, வான் வருமுன்பே தேடி வையுங்கள்.

ஏலத்துக்கு முதல் நாள் முகவர் ஆள் அனுப்பிப் படம் எடுத்துத் தருவார். அதற்குச் சிறு கட்டணம் கேட்டால் கொடுங்கள். அடிப்பக்கம், பின் சில்லு வளைவுகள், குளிர்ந்த எஞ்சினை இயக்கும் காணொளி, இந்த மூன்றையும் கேளுங்கள். கே.டி.எச். டீசலில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பழுதானால் குளிர்ந்த எஞ்சின் இயங்கும்போது டக் டக் என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும்.

படி 4: பணம் அனுப்புவது

வங்கிக் கணக்கின் பெயரும் விலைச்சிட்டையில் உள்ள நிறுவனப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதி செய்யாமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். யப்பான் பழைய வாகன ஏற்றுமதியாளர் சங்கமான ஜம்வியாவில் அந்த நிறுவனம் அங்கத்துவம் பெற்றதா என்றும் பாருங்கள்.

விலையை எஃப்.ஓ.பி. என்று சொன்னால் யப்பானியத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைக்கும் ஆன செலவு. சி அன்ட் எஃப் என்றால் கப்பல் கூலியும் சேர்ந்தது. சி.ஐ.எஃப். என்றால் கடல் காப்புறுதியும் சேர்ந்தது. இரண்டு முகவர்களின் விலையை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வகையா என்று பாருங்கள்.

படி 5: கப்பல்

இரண்டு வழி உண்டு. ஒன்று ரோரோ. வாகனத்தை ஓட்டியே கப்பலுக்குள் ஏற்றுவார்கள், ஓட்டியே இறக்குவார்கள். மற்றது கொள்கலன். ரோரோவில் கூலி கன மீற்றரில். அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். சாதாரண சரக்கு ஹயேஸ் 4.695 மீற்றர் நீளம், 1.695 அகலம், 1.98 உயரம். பெருக்கினால் 15.8 கன மீற்றர். (யப்பானில் சிறு வாகன வகுப்பின் எல்லை 4.7, 1.7, 2.0 மீற்றர். அந்தப் பெட்டிக்குள் அடங்கும்படியே இதை அளந்து செய்திருக்கிறார்கள்.) 10 ஆசன வேகன் 4.84, 1.88, 2.105. அது 19.2 கன மீற்றர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கூலி கூடும்.

ரொறன்ரோக்காரருக்கு ரோரோ கப்பல் வன்கூவர் பக்கத்திலோ ஹலிபக்ஸிலோ இறக்கும். வன்கூவர் விரைவு, ஆனால் அங்கிருந்து இங்கே கொண்டுவரும் செலவு பெரிது. ஹலிபக்ஸுக்குக் கப்பல் பனாமாக் கால்வாய் வழியாகச் சுற்றி வருவதால் நாள் கூடும். கொள்கலனை வன்கூவரில் இருந்து ரயிலில் பிராம்ரன் வரைக்கும் கொண்டுவரலாம். இரண்டு பேர் சேர்ந்து இரண்டு வாகனத்தை ஒரே கொள்கலனில் போட்டால் அது கட்டுப்படியாகும்.

ஏற்றும் முன் அடிப்பக்கத்தை நீராவியால் கழுவச் சொல்லி, கழுவிய படத்தையும் வாங்குங்கள். வெளிநாட்டு மண் ஒட்டியிருந்தால் கனடாவின் உணவுப் பரிசோதனை முகமை வாகனத்தை உள்ளே விடாது. ரோரோவில் வாகனத்துக்குள் வேறு பொருள் எதுவும் வைக்காதீர்கள்.

படி 6: பத்திரங்கள்

முகவர் கூரியரில் அனுப்ப வேண்டியவை: ஏற்றுமதிக்காகப் பதிவை நீக்கிய அத்தாட்சிப் பத்திரத்தின் மூலம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, விலைச்சிட்டை, கப்பலில் ஏற்றியதற்கான பத்திரமான பில் ஒஃப் லேடிங். கப்பல் கரைக்கு வரும் முன் இவை உங்கள் கையில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் இலவசமாக வைத்திருப்பது சில நாள்தான், அதற்குப் பிறகு நாள் வாடகை ஓடும். சேசிஸ் இலக்கம் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் சுங்கத்தில் நிற்கும்.

படி 7: சுங்கம்

நீங்களே போய்ச் செய்யலாம். முதல் தடவை என்றால் ஒரு சுங்க முகவரை வைப்பது நிம்மதி. கனடா வரி போடுவது யப்பானில் கொடுத்த விலையின் மீது, கடல் கூலியின் மீது அல்ல. ஆகவே கப்பல் கூலியைத் தனியாகப் பிரித்துக் காட்டும் விலைச்சிட்டையைக் கேளுங்கள்.

ஒரு கணக்கு. வான் விலை 12,000 கனேடிய டொலர் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதித் தீர்வை 6.1 சதவீதம் என்றால் 732. குளிரூட்டிக்கான வரி 100. மூன்றையும் கூட்டினால் 12,832. அதன் மீது மத்திய அரசின் விற்பனை வரியான ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 641.60. சுங்கத்தில் கட்டுவது 1,473.60. பசிபிக் வர்த்தக உடன்பாட்டின் கீழ், யப்பானில் தயாரித்தது என்ற தோற்றச் சான்று கொடுத்துத் தீர்வைச் சலுகை கேட்கலாம். சுங்க முகவரிடம் இதை முதலிலேயே பேசுங்கள். மாகாணத்தின் 8 சதவீத விற்பனை வரியைப் பதிவின்போது கட்டுவீர்கள், அதையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

சுங்கம் முத்திரை குத்தித் தரும் வாகன இறக்குமதிப் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் பதிவு இல்லை.

வாகனத்தை எடுக்கும்போது கையெழுத்துப் போடும் முன் சுற்றிவரப் படம் எடுங்கள். புது நெளிவு இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

படி 8: பாதுகாப்புச் சான்றிதழும் தகடும்

ஒன்ராறியோவில் பதிவுக்கு முன் கராஜில் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். யப்பானிய வாகனம் பழகிய கராஜுக்குப் போங்கள். ஹெட்லைற்றை மறக்காதீர்கள். யப்பானிய ஹெட்லைற்றின் ஒளி இடப்பக்கம் மேலே எழும்பும், இங்கே அது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்குச் செய்த ஹயேஸ் லைற் கிடைக்கும், வான் கடலில் இருக்கும்போதே வாங்கி வைத்தால் நாள் மிச்சம். வேகமானி கிலோமீற்றரில் இருப்பதால் அதை மாற்றத் தேவையில்லை.

சான்றிதழ், சுங்கப் படிவம், யப்பானியப் பத்திரமும் மொழிபெயர்ப்பும், விலைச்சிட்டை, காப்புறுதி அட்டை, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு, தகடு தரும் மாகாண அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போங்கள். இங்கே கிடைக்காத உதிரிப்பாகங்களை இனி சேசிஸ் இலக்கத்தைச் சொல்லித்தான் யப்பானில் இருந்து எடுப்பிக்க வேண்டும். வானின் மொடல் தகட்டை அன்றைக்கே ஒரு படம் எடுத்து, உங்கள் மெக்கானிக்கின் தொலைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள்.