செத்த ப்ராசஸின் எண்ணை நம்பாதீர்கள்

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஐஸ் கம்பெனிக்கு ஒரு சின்ன லினக்ஸ் போர்டு செய்து கொடுத்தேன். உப்புநீர்த் தொட்டியில் குளிர் குறைந்தால் என் கர்னல் டிரைவர் (லினக்ஸின் மையத்துக்குள் ஓடும் துணை நிரல்) அலாரம் ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு, சிக்னல் தட்டும், அது மேஸ்திரிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். அலாரம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் கரண்டு போய்வந்த சில ராத்திரிகளில், அளவுகளை எழுதிவைக்கும் வேறொரு ப்ராசஸ் செத்துக்கிடக்கும். “அண்ணே, கணக்கு ரெண்டு மணியோட நின்னுபோச்சு” என்று விடிகாலையில் போன் வரும். போர்டின் பேட்டரியை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் வண்டியில் அலைந்தேன். லாக் ஃபைலில் ‘யூசர் டிஃபைன்டு சிக்னல் 1’ என்ற வரி கண்ணில் பட்ட பிறகுதான் உறைத்தது. என் டிரைவர் தட்டும் சிக்னல் அது, அதற்குத் தயாராக இல்லாத ப்ராசஸ் செத்துவிடும். கரண்டு அல்ல, என் டிரைவர்தான் கொன்றிருக்கிறது.

நான் செய்த தப்பையும் திருத்தத்தையும் அதே வரிசையில் சொல்கிறேன். கர்னல் பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

முதலில், ப்ராசஸ் எப்படிச் சாகிறது என்று தெரிய வேண்டும். ஒரே நொடியில் எல்லாம் போய்விடுவதில்லை. கர்னலின் ‘டூ_எக்ஸிட்’ ஃபங்ஷன் ஓடும்போது மெமரியும் திறந்திருந்த ஃபைல்களும் விடப்படும். அதன்பின் ஜாம்பி நிலை. உடம்பு போயிற்று, பெயரும் எண்ணும் எக்ஸிட் கோடும் மட்டும் பதிவேட்டில் நிற்கும். அதைப் பெற்ற (துவக்கிய) ப்ராசஸ் ‘வெயிட்’ கூப்பிட்டுக் காரியம் செய்து முடிக்கும்வரை அப்படியேதான். நம் ஊர் வழக்கத்துக்கு இது தலைகீழ், இங்கே அப்பன்தான் பிள்ளைக்குக் காரியம் செய்கிறான். அப்பன் முன்னாலேயே போய்விட்டால் இனிட் (முதன்முதலில் ஓடும் ப்ராசஸ்) தத்தெடுத்துக்கொள்ளும். காரியம் முடிந்ததும் ‘ரிலீஸ்_டாஸ்க்’ அந்த எண்ணை அவிழ்த்துவிடும், அந்த நிமிஷத்திலிருந்து எண் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். ‘டாஸ்க்_ஸ்ட்ரக்ட்’ என்ற பதிவு மட்டும் இன்னும் கொஞ்சம் நீடிக்கும். ஆர்சியு வாசகர்கள் (லாக் போடாமல் அதைப் படித்துக்கொண்டிருக்கும் கர்னல் நிரல்கள்) எல்லோரும் வெளியேறி, கடைசி ரெஃபரன்ஸும் (‘எனக்கு இன்னும் வேண்டும்’ என்ற பிடியும்) விடுபட்ட பிறகுதான் அது இடித்துத் தள்ளப்படும்.

ஆக எண்ணுக்கு ஓர் ஆயுள், பதிவுக்கு ஓர் ஆயுள், மெமரிக்கு ஓர் ஆயுள். நான் இவை மூன்றையும் ஒன்றென்று நினைத்துவிட்டேன்.

என் டிரைவரில் அலாரம் ப்ராசஸ் பதிவுசெய்யும்போது அதன் பிஐடியை (ப்ராசஸ் எண்ணை) வெறும் எண்ணாகப் பட்டியலில் சேர்த்தேன். மோடம் அடிக்கடி உறைந்துபோனதால் ஒரு ஸ்கிரிப்ட் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அலாரத்தைத் திரும்பத் துவக்கியது. ஒரு நாளைக்கு 144 எண், மாதத்தில் 4,000-க்கு மேல். பழைய எண்ணை யாரும் நீக்கவில்லை. அந்த போர்டில் பிஐடி உச்சவரம்பு வழக்கமான 32,768தான். சென்சாரைப் படிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் நொடிக்கு மூன்று கட்டளை ஓட்டியதால் சுமார் மூன்று மணி நேரத்தில் எண்கள் ஒரு சுற்று முடிந்து, மறுபடி 300-லிருந்து தொடங்கும். கரண்டு போய்க் குளிர் குறைந்தால் டிரைவர் பட்டியலில் உள்ள எல்லா எண்ணுக்கும் சிக்னல் தட்டும். ஒரு மாதம் கழித்துக் கரண்டு போனால், கணக்கு எழுதும் ப்ராசஸின் எண் என் பழைய பட்டியலில் இருக்க ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் நேற்றைய டோக்கனை நீட்டி இன்றைக்கு வேறொருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன மாதிரிதான்.

சரி, எண் வேண்டாம், டாஸ்க்_ஸ்ட்ரக்டின் பாயின்டரையே (மெமரி முகவரியையே) வைத்துக்கொள்வோம் என்று மாற்றினேன். இது இன்னும் மோசம். ரெஃபரன்ஸ் எடுக்காமல் வைத்த பாயின்டர், ஆள் போன பிறகு விடுவிக்கப்பட்ட மெமரியைக் காட்டும். அதே இடத்தில் புது டாஸ்க் குடியேறியிருந்தால் பழைய கதையேதான், இல்லாவிட்டால் கர்னல் ஊப்ஸ், அதாவது கர்னலே பிழையில் தடுக்கி விழும். நல்ல வேளை, வீட்டில் க்யூஎமுவில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) கேசான் (மெமரித் தப்பைப் பிடிக்கும் கர்னல் கருவி) போட்டு ஓட்டியபோதே பிடிபட்டது. மாட்யூல் எழுதுகிறவர்கள் கேசான் இல்லாமல் சோதிக்கவே கூடாது என்பது என் பிடிவாதம்.

அப்புறம் ‘கெட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட்’ போட்டு ரெஃபரன்ஸ் எடுத்தேன். இது சரியான முறைதான், கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு ‘புட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட்’ போடுவதாக இருந்தால். நான் வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தேன். செத்தவர்களின் பதிவுகள் கர்னல் மெமரியில் குவிந்தன. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை இதைக் காட்டாது. ஜாம்பி என்றால் ‘இசட்’ என்று தெரியும், இவை காரியம் முடிந்து ப்ராசஸ் பட்டியலிலிருந்தே போனவை. ரூட்டாக இருந்து ப்ராக்கின் (கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் அடைவின்) கீழுள்ள ஸ்லாப்இன்ஃபோ என்ற மெமரிக் கணக்கில் டாஸ்க்_ஸ்ட்ரக்ட் வரியைப் பாருங்கள். ஓடும் த்ரெட்களின் (ப்ராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் இழைகளின்) எண்ணிக்கையைவிட அது ஏறிக்கொண்டே போனால் யாரோ புட் போட மறந்திருக்கிறார்கள்.

நீண்ட காலம் நினைவில் வைக்க லினக்ஸ் தருவது ‘ஸ்ட்ரக்ட் பிஐடி’. டாஸ்க்_ஸ்ட்ரக்டும் ஸ்டாக்கும் சேர்ந்து சுமார் 10 கிலோபைட், ஸ்ட்ரக்ட் பிஐடி சுமார் 64 பைட் என்று கர்னலின் தலைப்புக் கோப்பே கணக்குச் சொல்கிறது. எண் வேறொருவருக்குப் போனாலும் உங்கள் கையில் இருக்கும் ஸ்ட்ரக்ட் பிஐடி பழைய ஆளையே குறிக்கும். புது ஆளுக்குப் புது ஸ்ட்ரக்ட்.

பதிவுசெய்யும் இடத்தில் ‘கெட்_டாஸ்க்_பிஐடி’யை ‘கரண்ட்’ டாஸ்குக்கு (இப்போது ஓடும் டாஸ்குக்கு) கூப்பிட்டு (வகை டிஜிஐடி, த்ரெட் அல்ல, முழு ப்ராசஸ்) வருவதைப் பட்டியலில் சேருங்கள். சிக்னல் அனுப்ப ‘கில்_பிஐடி’. அது ‘இஎஸ்ஆர்சிஎச்’ (அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை) பிழையைத் திருப்பினால் பட்டியலிலிருந்து எடுத்து ‘புட்_பிஐடி’ போடுங்கள். நான் முதலில் திரும்பும் மதிப்பைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பட்டியலாவது இவ்வளவு வளர்ந்திருக்காது. இன்னொன்று, ஜாம்பிக்கு அனுப்பினாலும் வெற்றி என்றே திரும்பும், அதனால் ‘வெற்றி’ என்றால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

டிரைவரின் டிவைஸ் ஃபைலைக் கடைசியாக மூடும்போது ஓடும் ரிலீஸ் ஃபங்ஷனிலும் நீக்குங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஃபோர்க் ஆன (அப்பனிலிருந்து நகலாகப் பிறந்த) பிள்ளை அந்த ஃபைலைத் திறந்தே வைத்திருந்தால் அப்பன் செத்தாலும் ரிலீஸ் வராது. பட்டியலை இன்டரப்டும் (வன்பொருள் தரும் குறுக்கீடு) ஐஆக்டலும் (ப்ராசஸ் டிரைவரைக் கூப்பிடும் வழி) ஒரே நேரத்தில் தொடும் என்பதால் இன்டரப்டை நிறுத்தும் ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் பூட்டு) அவசியம். லாக்குக்குள் பட்டியலிலிருந்து கழற்றுங்கள், புட்டை வெளியே வந்து போடுங்கள்.

சிக்னலோடு நிற்காமல் ப்ராசஸின் பெயரையோ நிலையையோ படிக்க வேண்டுமா? ஆர்சியு வாசிப்பு லாக்குக்குள் ‘பிஐடி_டாஸ்க்’ கூப்பிட்டு, நல் (வெற்றுப் பாயின்டர்) என்றால் ஆள் இல்லை என்று விட்டுவிடுங்கள். உள்ளே தூங்கக் கூடாது, அதாவது காத்திருக்கும் வேலை செய்யக் கூடாது. தூங்க வேண்டிய வேலை என்றால் ‘கெட்_பிஐடி_டாஸ்க்’, முடிந்ததும் புட். அதன் மெமரியைத் தொட ‘கெட்_டாஸ்க்_எம்எம்’, அதுவும் நல் திருப்பலாம், முடிந்ததும் ‘எம்எம்புட்’. யூசர் பக்கம் (கர்னலுக்கு வெளியே) எழுதுகிறவர்களுக்கு இதே வசதி லினக்ஸ் 5.3-லிருந்து ‘பிஐடிஎஃப்டி_ஓப்பன்’ வழியாகக் கிடைக்கிறது.

சோதிக்க மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டாம். ப்ராக்கின் கீழே சிஸ், கர்னல், பிஐடி_மேக்ஸ். அதில் 1000 என்று எழுதினால் ஒரு சின்ன லூப்பிலேயே எண்கள் சில நொடியில் சுற்றிவிடும். அலாரத்தை ஆயிரம் முறை கொன்று துவக்குங்கள், நடுநடுவே சிக்னலைத் தூண்டுங்கள், முன்னும் பின்னும் ஸ்லாப்இன்ஃபோவில் டாஸ்க்_ஸ்ட்ரக்ட் வரியோடு பிஐடி வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். என் போர்டில் மூன்றாவது ஓட்டத்தில்தான் எண்ணிக்கை பழைய இடத்துக்குத் திரும்பியது. ஒரு பிழைப் பாதையில் புட்_பிஐடி விட்டுப்போயிருந்தது.